பெயரெச்சம்

நிரந்தர ஆவணக் காப்பகத்தில் நான் பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருந்தேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னை வேலையிலிருந்து நீக்குவார்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் நான் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்குப் பார்த்து ஏதாவது கணினி படுத்துக்கொண்டால், ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாகவே கேட்டுக்கொள்வார்கள். இப்படி இருபத்திரண்டு முறை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

என் பதவி, தற்காலிகக் கணினி உதவியாளர். இந்தக் கதை வால்களைப் பற்றியது என்பதால் முதலில் வால் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்துக் கோப்புகள் எல்லாம் பொது டிரைவ் என்ற ஒரே இடத்தில் கிடக்கும். எந்த மேசையிலிருந்தும் திறக்கலாம். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து அடிக்க ஆரம்பித்ததும், எடிட்டர் அதன் பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். பெயரின் கடைசியில் நெளிந்த கோடு ஒன்று இருக்கும், வால் மாதிரி. சேமிப்பதற்கு முன்னால் அடித்ததெல்லாம் அந்த வால் கோப்பில்தான் தங்கும். ஒழுங்காகச் சேமித்து மூடினால் வால் தானாகப் போய்விடும். நடுவில் தொடர்பு அறுந்தால் வால் அங்கேயே கிடக்கும். அடுத்து யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும், "இதை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார். மீட்கவா, நீக்கவா?" என்று திரை கேட்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குப் புரியும். எங்கள் இயக்குநருக்குப் புரியவைக்க மூன்று வாரம் ஆனது, அப்போதும் புரியவில்லை.

மாதத்தின் முதல் வாரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். இயக்குநர் பொது டிரைவைப் பெரிய திரையில் திறந்து காட்டினார். ஆய்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பேருக்குப் பின்னாடி அங்கங்க ஏதோ நெளியுதே, அது என்ன?" என்று கேட்டார்.

"அது அலங்காரத்துக்கு சார்" என்றார் இயக்குநர்.

"நிரந்தர ஆவணக் காப்பகத்துல தற்காலிக ஃபைலா?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்பிவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மறுபடி வருவதாகச் சொன்னார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'இவ்வலுவலகத்தில் தற்காலிகமானவை எவையும் இருத்தலாகாது. இருப்பவை இம்மாதக் கடைசி வெள்ளி மாலைக்குள் நீக்கப்படும்.' நான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, துணை இயக்குநரிடம் போய், என்னைச் சேர்த்தா என்று கேட்டேன். "இப்போதைக்கு ஃபைல் மட்டும்தான். உங்களை யாரு நெனைச்சா" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அப்போது பொது டிரைவில் நானூற்றுப் பன்னிரண்டு வால்கள் இருந்தன. உடனே குழு அமைத்தார்கள். தலைவர் துணை இயக்குநர். முதல் கூட்டத்தில் வால் என்ற சொல்லை ஒழித்துக்கட்டினார்கள்.

"வால்னு எழுதினா மேலிடத்துல சிரிப்பாங்க. மரியாதையா ஒரு பேர் வேணும்" என்றார் துணை இயக்குநர்.

நூலகர் எழுந்து, 'எச்சக் கோப்பு' என்று சொன்னார்.

"எச்சம்னா காக்கா போடறதாச்சே" என்றார் இயக்குநர்.

"இலக்கணத்துலயும் எச்சம் இருக்கு சார். பெயரெச்சம், வினையெச்சம். அதுவா முடியாது. இன்னொரு சொல் வந்து முடிச்சுவைக்கிற வரைக்கும் தொங்கிக்கிட்டு நிக்கும்."

இயக்குநர் யோசித்தார். "முடியாம தொங்கிக்கிட்டு நிக்கிறதா. அப்ப நம்ம ஆபீஸுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. போட்டுடுங்க."

பிறகு துணை இயக்குநர் உரையாற்றினார். அதை நான்தான் தட்டச்சு செய்தேன், அதனால் ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "பிரச்சினையை நாம அவசரப்பட்டுத் தீர்த்துடக் கூடாது. பிரச்சினை தீர்ந்தா குழு கலைஞ்சுடும். குழு கலைஞ்சா, மறுபடி பிரச்சினை வரும்போது யாரு பார்க்கிறது? அதனால முதல்ல குழுவை நிலைப்படுத்துவோம்." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றைய கூட்டக் குறிப்பைப் பொது டிரைவில் ஏற்றினோம். சாயங்காலம் பார்த்தால் அதற்கும் ஒரு வால் முளைத்திருந்தது. வருகைப் பட்டியலுக்கு ஒன்று, எச்சக் கோப்பு என்ற பெயரை அங்கீகரித்த ஆணைக்கு ஒன்று. அடுத்த வாரம் எண்ணிக்கை நானூற்று அறுபத்தொன்பது ஆனது. "எதிரி நம்ம குழுவுக்குள்ளயே நுழைஞ்சுட்டான்" என்று துணை இயக்குநர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இதை விசாரிக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவின் குறிப்புக்கும் வால் முளைத்தது.

ஒவ்வொரு எச்சத்தையும் திறந்து பார்த்து, அதற்கு ஒரு படிவம் நிரப்புவது என் வேலை. எச்சத்தின் பெயர், தாய்க் கோப்பின் பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், அதாவது கடைசி எழுத்து அதில் பதிந்த நேரம். பிறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதும்படி வாய்மொழி உத்தரவு. மாதத்தின் மூன்றாம் வாரம் திங்கள்கிழமை, இருநூற்றுப் பத்தொன்பதாவது எச்சத்தைத் திறந்தேன். அதன் பெயர் 'நிரந்தரம்'. கடைசியில் ஒரு வால்.

உள்ளே ஏழு பெயர்கள். ஏழாவது என்னுடையது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் துறையில் நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால், பிறகு எப்போதும் ஆக முடியாது. எனக்கு நாற்பத்தைந்து முடிவது ஆய்வாளர் வரும் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. நிரந்தரம் ஆக்க வேண்டியவர்களின் பட்டியலை எங்கள் பழைய கண்காணிப்பாளர் நான்கு மாதத்துக்கு முன், தான் ஓய்வுபெற்ற நாளில் அடித்தார். அது அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தானாகத் தலைமையகத்துக்குப் போகும். "உன் பேரைப் போட்டுட்டேன்ப்பா" என்று போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்துப் பட்டியலை, எடிட்டரில் திறக்காமல் முன்னோட்டத்தில் எட்டிப் பார்த்தால், ஆறு பெயர்தான் இருந்தது. அந்த மனுஷனை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. இப்போது பார்த்தால், அவர் போட்டிருக்கிறார். என் முன்னெழுத்தைச் சரியாகப் போட்டு, என் அப்பா பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடித்திருக்கிறார். இந்த அலுவலகத்தில் வேறு யாரும் அதைப் பிழையில்லாமல் எழுதியதில்லை. பிறந்த நேரம் பதினொன்று ஐந்து. சேமிப்பதற்குள் என்னவோ ஆகியிருக்கிறது. என் பெயர் வாலில் தங்கிவிட்டது. என் மேசையில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது.

எனக்கு நிரந்தரம் எதற்கு என்று கேட்டால், என் மனைவியின் இடது கண்ணுக்கு. அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். இரண்டு மாதமாக அந்தக் கண்ணில் மேலேயிருந்து ஒரு கறுப்புத் துணி இறங்கிக்கொண்டே வருகிறது என்றாள். டாக்டர், விழித்திரை விலகுகிறது, மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை திரும்பாது என்றார். அதற்கான கருவி இந்த ஊரில் ஊழியர் மருத்துவமனையில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே நிரந்தர ஊழியர்களின் குடும்பத்துக்குத்தான் அனுமதி. பட்டியலில் பெயர் ஏறினால் அன்றைக்கே அட்டை கொடுப்பார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் ஊசியை என்னிடம் நீட்டினாள். நூல் கோத்துக் கொடுப்பது இப்போதெல்லாம் என் வேலை.

"ஏங்க, முகம் ஒரு மாதிரி இருக்கே. வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா. என் பேர் இருக்கு. பட்டியல்ல இல்ல. பட்டியலோட வால்ல இருக்கு."

அவள் நல்ல கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வால்ல இருந்தா என்ன, தலையில இருந்தா என்ன. இருக்கில்ல? எடுத்து ஒட்டிடுங்க" என்றாள். பதினோரு வருடத்தில் அந்த அலுவலகத்தைப் பற்றி யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எடுத்து ஒட்டலாம் என்றுதான் மறுநாள் துணை இயக்குநரிடம் போனேன். தாளில் அச்செடுத்தும் காட்டினேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது தற்காலிகக் கோப்போட அச்சு. அதனால இந்தப் பேப்பரும் தற்காலிகம்."

"சார், திறந்ததும் 'மீட்கவா, நீக்கவா'ன்னு கேக்கும். மீட்கன்னு ஒரு தடவை அழுத்தினா போதும்."

"அழுத்தலாம். ஆனா தற்காலிகத்தை நிரந்தரமாக்கற அதிகாரம் நிரந்தர ஊழியருக்குத்தான் உண்டு. நீங்க தற்காலிகம். உங்க பாஸ்வேர்டுல அழுத்தினா மெஷினே ஏத்துக்காது."

"அப்ப நீங்க அழுத்துங்க சார்."

"அது எப்படிங்க முடியும்? இதைக் கண்காணிப்பாளர் திருத்திக்கொண்டிருக்கிறார்னு போட்டிருக்கே. ஒருத்தர் வேலை பார்த்துட்டிருக்கும்போது நடுவுல கை வைக்கிறது நாகரிகமா?"

"அவர் ரிட்டயர் ஆகி நாலு மாசம் ஆச்சு சார்."

துணை இயக்குநரின் முகம் மாறியது. நான் அவருக்கு உதவி செய்துவிட்டதாக அப்போது எனக்குத் தெரியவில்லை. கணினி, கண்காணிப்பாளர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்கிறது. ஆள் நான்கு மாதமாக வரவில்லை. அன்று மாலையே பழைய கண்காணிப்பாளருக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று. அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருந்ததற்கு மூன்று நாளில் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

கண்காணிப்பாளர் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார், குடையோடு. ஆனால் வாசலில் அவரை உள்ளே விடவில்லை, அடையாள அட்டை இல்லை என்று. ஓய்வுபெற்ற அன்று அதை வாங்கி வைத்துக்கொண்டது நாங்கள்தான். அதனால் விசாரணை ஜன்னல் வழியாக நடந்தது. உள்ளே துணை இயக்குநரும் நானும். வெளியே, நான் இருபத்திரண்டு முறை நின்ற அதே இடத்தில், அவர்.

"வேலையில இருக்கேன்னு நோட்டீஸ் குடுக்கறீங்க. வேலைக்கு வந்தா உள்ள விடமாட்டேங்கறீங்க" என்றார் அவர்.

"நீங்க வேலையில இருந்தா, நாலு மாசம் வராததுக்கு முதல்ல பதில் சொல்லணும். வேலையில இல்லைன்னா, உங்க பேச்சு செல்லாது. எது வசதின்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் துணை இயக்குநர். இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

துணை இயக்குநர் போனபின் கண்காணிப்பாளர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "உன் பேரை அடிச்சு முடிச்சேன்ப்பா. சேவ் பண்றதுக்குள்ள டீ வந்துச்சு. குடிச்சிட்டுத் திரும்பிப் பார்த்தா ஸ்கிரீன் நின்னுபோச்சு. கடைசி நாள். எல்லாரும் மாலை போட்டு இழுத்துட்டுப் போயிட்டாங்க." அவருடைய கண் கலங்கியிருந்தது. நான்கு மாதம் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீ என்று அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே நின்றது. படிவங்களை எடுத்து, பிறந்த நேரக் கட்டத்தை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. நான்கு ஐந்து. பதினொன்று ஐந்து. நான்கு ஐந்து. நான் படிவம் நிரப்பியிருந்த எச்சங்கள் எல்லாமே ஒரு நாளில் இரண்டே வேளையில் பிறந்திருந்தன.

திங்கள்கிழமை சரியாகப் பதினொன்று ஐந்துக்கு இயக்குநர் அறைக்கு வெளியே இருக்கும் சின்னத் தடுப்பறையில் போய் நின்றேன். மேசை துடைத்து, டீ போட்டுக் கொடுக்கும் அக்கா அங்கே இருந்தார். சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டு, கெட்டிலைச் செருகினார். நான் அந்த ஒயரைத் தொடர்ந்து போனேன். அது அலமாரிக்குப் பின்னால், இந்தத் தளம் முழுவதையும் பொது டிரைவோடு இணைக்கும் நெட்வொர்க் பெட்டிக்குப் போனது. அதன் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன.

"அக்கா, இந்த ஒயரை எதுக்குக் கழட்டறீங்க?"

"அதைக் கழட்டினாத்தானே தம்பி கெட்டிலுக்கு இடம். தண்ணி கொதிச்சதும் திருப்பி மாட்டிடுவேன். ஒரு நாளும் மறந்ததில்ல" என்றார் அக்கா. அவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. "ஏன், ஏதாவது தப்பா?"

தப்பு அவர்மேல் இல்லை. ஒரு ஒயரைக் கூடுதலாகப் போட்டுக்கொடுக்கச் சொல்லி அவர் ஆறு வருடத்துக்கு முன் எழுதிக்கொடுத்த மனு, பொது டிரைவில் வாலோடு கிடந்தது. நானே அதற்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன்.

ஓடிப்போய் அறிக்கை எழுதினேன். ஒரே பக்கம். காரணம் கெட்டில், இன்னொரு பிளக் பாயின்ட் வைத்தால் போதும். இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். எதிரில் அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட யாரு காரணம் கேட்டா?" என்றார் கடைசியில். "குழுவோட வேலை எண்ணிக்கையைக் குறைக்கிறது. காரணம் கண்டுபிடிக்கிறது இல்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க. டீ நிரந்தரம். நான் வர்றதுக்கு முன்னாடியும் இருந்துச்சு, நான் போனப்புறமும் இருக்கும். வால் தற்காலிகம். ஒரு தற்காலிகத்துக்காக நிரந்தரத்தை நிறுத்தச் சொல்றீங்களா?"

"டீயை நிறுத்த வேணாம் சார். இன்னொரு பாயின்ட்..."

"மேலிடத்துலேர்ந்து வந்து பார்க்கும்போது என் அறை வாசல்ல புதுசா ஒரு பாயின்ட் இருந்தா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா கெட்டில்னு சொல்லணும். அப்ப இத்தனை வருஷம் நானே வால் விட்டேன்னு ஆகாதா?"

அது நியாயம்தான். அறிக்கையைத் திருப்பித் தந்தார். பதிலாக எனக்கு ஒரு வேலை வந்தது: வெள்ளிக்கிழமை சரியாக ஐந்து மணிக்குப் பொது டிரைவில் இருக்கும் எல்லா எச்சங்களையும் தானாக அழிக்கும்படி சர்வரில் ஒரு கட்டளை எழுதிவைக்க வேண்டும். எழுதினேன். ஒரே ஒரு கோப்பை மட்டும் விட்டுவிடும்படி ஒரு வரியையும் சேர்த்தேன். துணை இயக்குநர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். "விதிவிலக்கு கேக்கறதுக்குக்கூட நிரந்தரமா இருக்கணும்" என்றார். கட்டளையை ஏற்றிவிட்டு, சர்வர் அறையைப் பூட்டிச் சாவியை அவர் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நான்கு நாளும் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் மேசைக்கும் போனேன். 'நிரந்தரம் என்ற கோப்பைத் திறந்து, மீட்க என்று அழுத்தி, சேமித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை' என்று கெஞ்சினேன். ஒருவர் எழுத்துமூலம் உத்தரவு வேண்டும் என்றார். இன்னொருவர் நமக்கெதுக்கு வம்பு என்றார். நூலகர் மட்டும் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க நிலைமை சுத்தமான பெயரெச்சம். ஒரு பேர் வந்து முடிச்சுவைக்கணும்" என்று சொல்லி, தன் உவமையை ரசித்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நாற்பது பேரைக் கேட்டு முடித்தபோது வெள்ளிக்கிழமை மாலை நாலரை. வீட்டிலிருந்து போன் வந்தது. "ஏங்க, இப்ப பாதிக்குமேல கறுப்பாயிடுச்சு. பயமா இருக்கு. பேரு ஏறிடுச்சா?" என்றாள். ஏறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அப்போதுதான் நாற்பத்தொன்றாவது ஆள் என் எதிரில் வந்து மேசையைத் துடைத்தார்.

பதினோரு வருடமாக அந்த அக்கா கையால் டீ குடித்திருக்கிறேன். அவரும் நிரந்தர ஊழியர் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்ததுபோலத்தான் நானும் அவரைப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அக்கா, நீங்க பர்மனென்ட்தானே?"

"இருபத்தாறு வருஷமா" என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

கணினி முன் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. நிரந்தர ஊழியர் எல்லாருக்கும் கொடுத்த கடவுச்சொல் அவருக்கும் ஒரு உறையில் வந்திருக்கிறது. அதைப் பிரிக்காமலே பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். பிரித்து அடித்தோம். 'உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. தற்காலிகக் கணினி உதவியாளரை அணுகவும்' என்றது திரை. அக்கா திரும்பி என்னை அணுகினார். நான் புதிதாக ஒன்று போட்டுக்கொடுத்தேன். மணி நான்கு ஐம்பத்திரண்டு.

ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கோப்பு திறந்தது. 'இதைக் கண்காணிப்பாளர் திருத்திக்கொண்டிருக்கிறார். மீட்கவா, நீக்கவா?'

"எதை அழுத்தணும் தம்பி?"

"மீட்க அக்கா. இடது பக்கம்."

அழுத்தினார். ஏழு பெயர்களும் திரையில் வந்து நின்றன. அக்கா ஏழாவது பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். என் பெயரை அந்தக் கட்டடத்துக்குள் ஒருவர் முழுதாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். "நல்ல பேரு தம்பி" என்றார்.

"இப்ப ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணும் அக்கா. இதோ இதையும், இதையும்."

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறிபார்த்து வைத்து அழுத்தினார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். என் பெயருக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த கோடு துடிப்பை நிறுத்தியிருந்தது.

"கெட்டில் நான் போடலையே" என்றார் அக்கா. அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

ஓடினேன். தடுப்பறையில் துணை இயக்குநர் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கறுப்பு ஒயர் தரையில் கிடந்தது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தன் கையால் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஆய்வாளர் சீக்கிரமே வந்துட்டாரு. அக்காவைக் காணோம். சரி, யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே வெச்சுட்டேன்" என்றார். குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

நான் கெட்டிலைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "இருங்க, இன்னும் கொதிக்கல."

"சார், கையை விடுங்க. என் பொண்டாட்டிக்குக் கண்ணு போயிடும் சார்."

"அஞ்சே நிமிஷம்" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

கையை உதறிக்கொண்டு பிடுங்கினேன். கறுப்பு ஒயரைச் செருகினேன். அந்தப் பெட்டிக்கு உயிர் வர மூன்று நிமிடம் ஆகும் என்று இந்த அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பச்சை விளக்கு, பிறகு இரண்டாவது. மூன்றாவது விளக்கு எரிந்தபோது கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது. பூட்டிய சர்வர் அறைக்குள் என்னுடைய கட்டளை என்னுடைய வேலையைச் செய்தது. அதை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் ஆறு பெயர் இருந்தது. 'எச்சக் கோப்பு காணப்படவில்லை' என்றது கணினி. அக்கா அந்த இரண்டு விரல்களையும் இன்னும் பட்டன்மேலிருந்து எடுக்கவில்லை. "நான் எடுக்கவே இல்ல தம்பி, அப்படியேதான் அழுத்திட்டிருக்கேன்" என்றார்.

கூடத்தில் கைதட்டல் கேட்டது. எச்சம் பூஜ்யம் என்று ஆய்வாளர் அறிவித்தார். இயக்குநர் பேசினார்: "இந்த வெற்றிக்கு யார் காரணம்னு கேட்டா, யாரும் காரணம் இல்லைன்னுதான் சொல்வேன். காரணமே பார்க்காம உழைச்சதுதான் எங்க வெற்றி." பிறகு எல்லாரும் டீ குடித்தார்கள். தண்ணீர் கொதிக்கவில்லை என்று யாரோ குறை சொன்னார்கள்.

சனிக்கிழமை எனக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார்கள். இருபத்து மூன்றாவது முறை. திங்கள்கிழமை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள், ஆறு மாதத்துக்கு, தற்காலிகமாக. பதினொன்று ஐந்துக்குப் பதினேழு புதிய எச்சங்கள் பிறந்தன. குழுவுக்குக் கால நீட்டிப்புக் கிடைத்தது.

சாயங்காலம் ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நல்ல தடித்த தாள், முத்திரையோடு. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை.

அவள் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டாள். இடது கண் திறந்துதான் இருந்தது. மேலேயிருந்து கீழே வரை ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"தற்காலிகக் கணினி உதவியாளர், தற்காலிகக் கணினி உதவியாளர்னுதான் இருக்கு. உங்க பேரையே காணோமேங்க."

"இருந்துச்சும்மா" என்றேன். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இருந்துச்சு."

அவள் கடிதத்தை மடித்து தையல் மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு, ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினாள். என் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். நான் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன்.